பார்வை மானுக்கு ஒரு மினாரா

பாக்கிஸ்தானின் பஞ்சாபில், லாஹூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஷேகுபுரா என்னும் நகரம் இருக்கிறது. அக்பர் பாதுஷா தம் மகன் ஸலீமைச் செல்லமாக ‘ஷேகு பாபா’ என்று அழைத்து வந்தார். அந்தச் செல்லப் பெயரே ஊருக்கும் பெயராக நிலைத்துவிட்டது. ஸலீம், ஜஹாங்கீர் என்ற பட்டப் பெயருடன் அரியணை ஏறியது 1605இல். அப்போது அவ்வூர் ஜஹாங்கீர்பூர் எனப்பட்டது. பாதுஷாவின் நிலையான வேட்டைக் களங்களுள் அதுவும் ஒன்று.

அங்கே சுமார் 30 மீட்டர் உயரத்தில் ஒரு மினாரா நிற்கிறது. அருகில் ஒரு பெரிய தடாகம். தடாகத்தின் நடுவே எண்கோண மண்டபம். மண்டபத்தை அடைய நீரின்மேல் ஒரு பாலம். மினாரா என்றதும் நம் உள்ளம் பள்ளிவாசலைத் தேடும். நாகூரின் மினாராக்களைக் கண்டு பழகியவர்களோ ஒரு வலியுல்லாவின் அடக்கத்தலத்தைத் தேடுவார்கள். இந்த மினாராவின் அடியில் அடக்கப்பட்டது ஒரு மான். ‘ஹிரன் மினார்’, அதாவது மான் மினாரா என்பதே அதன் பெயர். ஜஹாங்கீர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டில், 1606ஐ ஒட்டி எழுந்த சின்னம் இது. மானின் பெயர் மன்ஸராஜ்.

இதைக் காணச் செல்வோரிடம் வழிகாட்டிகள் கூறும் கதை எளிமையானது, இனிமையானது. பாதுஷா ஒரு மானைத் தம் உயிரென வளர்த்தார், அது இறந்தது, துயரம் தாளாமல் அதற்கொரு நினைவுச் சின்னம் எழுப்பினார் என்பார்கள். தாஜ்மஹாலைக் கட்டிய மகனுக்கு ஏற்ற தந்தை என்று சிலர் சேர்த்துக்கொள்வதும் உண்டு. இக்கதையில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. மறுபாதியை ஜஹாங்கீரே தம் கையால் எழுதிவைத்திருக்கிறார். தம் வாழ்க்கைக் குறிப்பான ‘துஸுகே ஜஹாங்கீரி’யில் மன்ஸராஜைப் பற்றிச் சொல்லும்போது, பழகிய மான்களோடு போரிடுவதிலும் காட்டு மான்களை வேட்டையாடுவதிலும் அதற்கு நிகரில்லை என்கிறார்.

மான் வேட்டையாடியதா? புல் தின்னும் பிராணி எதை வேட்டையாடும்? மானையேதான்.

தன் இனத்தைச் சேர்ந்த விலங்கை வேடனுடைய கைக்கெட்டும் தூரத்துக்கு இழுத்துக் கொடுக்கப் பழக்கிய விலங்குக்குத் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு. ‘பார்வை’ என்பது அச்சொல். கண்ணால் காண்பதைக் குறிக்கும் அதே சொல்தான். சங்க நூல்களிலேயே இப்பொருளில் ஆளப்பட்டிருக்கிறது. வேட்டுவன் குடிசை முற்றத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கும் காட்சியைப் பெரும்பாணாற்றுப்படையில் காணலாம். புறநானூற்றில் அதைவிட அரிய காட்சி ஒன்று இருக்கிறது. அதைப் பின்னர் சொல்வோம். கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானஸோல்லாஸம்’ என்னும் வடமொழி நூலும் மான் வேட்டையின் பல முறைகளைக் கூறும்போது, பழக்கிய மானைக் கொண்டு காட்டு மானைப் பிடிக்கும் முறையையும் கூறுகிறது. ஆகவே மொகலாயர்கள் இக்கலையைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். இந்நாட்டு வேடர்களிடம் அவர்கள் கண்டு எடுத்துக்கொண்டார்கள். வேடனுக்கு வயிற்றுப்பாடாக இருந்ததை அரசவைக்கு உரிய ஆடம்பரமாக ஆக்கினார்கள் என்பதே பொருந்தும்.

இந்த வேட்டைக்கு உரிய மான் எது என்பதை முதலில் தெளிந்துகொள்வது நல்லது. கிளைகிளையாய்ப் பிரிந்து ஆண்டுதோறும் உதிரும் கொம்புகளையுடைய புள்ளிமான் அன்று. முறுக்கிய கயிறுபோல் திருகி நிமிர்ந்த, உதிராத இரட்டைக் கொம்புகளையுடைய புல்வாய். வெளிமான் என்றும் சொல்வர். திறந்த புல்வெளியே அதன் வீடு. வேதாரணியத்துக்குத் தெற்கே கோடியக்கரையில் 1967இல் அமைந்த சரணாலயம் இம்மானுக்காகவே பெயர் பெற்றது. நாகூருக்கும் முத்துப்பேட்டைக்கும் போய் வருகிறவர்களுள் பலர் பார்த்திருப்பார்கள். பெண் மானும் இளங்குட்டிகளும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். ஆண் மான் முதிர முதிர அதன் முதுகும் கழுத்தும் கறுத்துப் போகும். வயிறு வெண்மையாக இருக்கும். கண்ணைச் சுற்றி ஒரு வெண்வளையம். இரலை என்று நம் முன்னோர் பாடியதும் இந்த ஆணையே என்பர்.

ஆண்டு முழுவதும் இவை ஈனக்கூடியவை. எனினும் இளவேனிலிலும் மழைக்குப் பிந்திய மாதங்களிலும் இணைசேரும் வேகம் மிகும். அப்போது வலிய ஆண் ஒவ்வொன்றும் புல்வெளியில் ஒரு துண்டு நிலத்தைத் தனக்கென வரைந்துகொள்ளும். ஒரே இடத்தில் சாணமிட்டு எல்லை காட்டும். கண்ணுக்கு முன்னே உள்ள சுரப்பியிலிருந்து ஊறும் நீரைப் புல்லிலும் முள்ளிலும் தேய்த்து மணம் ஏற்றும். தலையை உயர்த்தி, கொம்பை முதுகின்மேல் சாய்த்து, உறுமிக்கொண்டு உலாவும். வேறோர் ஆண் அந்நிலத்தில் கால் வைத்தால் போர்தான். மற்றக் காலங்களில் நிழல் அசைந்தாலே கூட்டத்தோடு துள்ளிப் பறக்கும் அதே மான், இப்போது ஓடாது. எதிரியை நோக்கி நேராக வரும். நிலவுலகில் மிக விரைந்து ஓடக்கூடிய விலங்குகளுள் ஒன்று, தன் ஓட்டத்தைத் தானே மறந்து நிற்கும் காலம் அது. வேடனுக்கு வேண்டியதும் அதுதானே!

அக்பரின் அரசவை வாழ்வை அணு அணுவாகப் பதிவு செய்த அபுல் ஃபஸ்ல், ‘ஆயினே அக்பரி’யில் மானைக் கொண்டு மானைப் பிடிக்கும் முறைக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். பழக்கிய ஆண் மானின் கொம்புகளில் ஒரு வலையைச் சுற்றிக் கட்டுவார்கள். காட்டு மான்கள் மேயும் வெளியில் அதை அவிழ்த்து விடுவார்கள். அந்நியனைக் கண்ட காட்டு ஆண் சினந்து மோத வரும். இரண்டும் கொம்போடு கொம்பு பின்னித் தள்ளும். அந்தத் தள்ளுமுள்ளில் காட்டு மானின் கொம்போ காலோ காதோ வலையில் சிக்கும். ஒளிந்திருந்தவர்கள் ஓடிவந்து உயிரோடு பிடித்துக்கொள்வார்கள். வலை அறுந்து போனாலும், பழக்கிய மான் களைத்துப் போனாலும் அது தன் காவலனிடமே திரும்பி வந்துவிடும். இரவில்கூட இவ்வாறு வேட்டையாடியிருக்கிறார்கள். முன்னாளில் இருளில் ஓடிப்போய்விடுமோ என்று அஞ்சி, காலில் கனத்த குண்டு ஒன்றைக் கட்டி அனுப்புவார்களாம். நன்கு பழக்கியபின் அதுவும் தேவைப்படவில்லை என்கிறார் ஆசிரியர்.

முன்பெல்லாம் இவ்வேட்டைக்கு இருவருக்குமேல் செல்வதில்லை. மான் மிரளாமலிருக்க உடையை மாற்றிக்கொண்டு புதரில் படுத்துக்கிடப்பார்கள். அக்பர் இதில் ஒரு புதுமை செய்தார். சுமார் 40 மாடுகளை மெல்ல மெல்ல மான் கூட்டத்தை நோக்கி ஓட்டச் செய்வார். அவற்றின் மறைவில் 200 பேருக்கு மேற்பட்டோர் நடந்து சென்று வேடிக்கை பார்ப்பார்கள். மேயும் மாட்டைக் கண்டு மான் மிரள்வதில்லை அல்லவா! காட்டு மானைப் பிடித்துப் பழக்குவதோடு, அடைப்பிலேயே பிறந்த குட்டிகளை இத்தொழிலுக்கென வளர்ப்பதும் அக்காலத்தில் தொடங்கிவிட்டது.

இனி அபுல் ஃபஸ்ல் கூறும் ஒரு செய்தியை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். சில காவலர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். காவலன் முதுகை வளைத்துக் குனிந்து நிற்பான். பழக்கிய ஆண் மான் பின்னாலிருந்து தாவி அவன்மேல் முன்கால்களைப் போடும். தொலைவிலிருந்து நோக்கும் காட்டு மான், தன் நிலத்தில் வேறோர் ஆண் ஒரு பிணையோடு கூடுவதாக எண்ணிப் பொறாமையால் பொங்கி ஓடிவரும், பிடிபடும். இந்த முறையைப் பாதுஷா விரும்பவில்லை என்று அபுல் ஃபஸ்ல் எழுதுகிறார். காரணம் எழுதவில்லை. ஆனால் அடுத்ததாக அவர் எழுதுவது நம்மைத் திகைக்க வைக்கிறது. காட்டு ஆணைப் போருக்கு இழுக்கப் பாதுஷா உண்மையான பெண் மானையே பயன்படுத்தினாராம்!

இதில் அக்பர் கண்ட வேறுபாடுதான் என்ன? மனிதன் ஒருவன் விலங்கின் பெட்டையாக வேடம் கட்டுவது மனிதனுக்கு இழுக்கு என்று அவர் கருதியிருக்கலாம். மானுக்கு நேரும் வஞ்சனை இரண்டிலும் ஒன்றேதான்; சொல்லப்போனால் இரண்டாவது முறையில் அது இன்னும் ஆழமானது. அரசருடைய அருவருப்பு மனிதனின் மானத்தைப் பற்றியது. மானின் துன்பத்தைப் பற்றியது அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் ஓரிடத்திலாவது ‘இது வேண்டாம்’ என்று ஒரு கோடு கிழித்தார் என்பதை மறுக்க இயலாது.

இக்கலைக்கு உரிய பிராணி வெறும் கருவியா, அதற்கும் ஓர் உள்ளம் உண்டா என்ற ஐயம் அபுல் ஃபஸ்லுக்கே எழுந்திருக்க வேண்டும். அலஹாபாத்திலிருந்த அரசவை மான் ஒன்று ஒருமுறை தப்பி ஓடிற்று. ஆறுகளையும் சமவெளிகளையும் கடந்து தான் பிறந்து வளர்ந்த பஞ்சாபை அடைந்து, பழைய காவலனிடமே போய்ச் சேர்ந்ததாம். நூற்றுக்கணக்கான கல் தொலைவு! வியப்போடு இதைக் குறித்துவைத்த அந்தப் பெரிய அறிஞர், அம்மான் காட்டுக்குப் போகாமல் காவலனைத் தேடிப் போனதைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. காட்டுக்குத் திரும்பும் வழி அதற்கு அடைந்துபோயிருந்தது போலும்.

அக்பரிடம் போருக்கென்றே தேர்ந்தெடுத்த 101 மான்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பத்து மானுக்கு ஒரு மேற்பார்வையாளர். அடைப்பில் பிறந்தவற்றோடும் காட்டு மான்களோடும் போரிடக்கூடியவை, பழகிய மான்களோடு நன்றாகப் பொருபவை, காட்டு மான்களைக் கடுமையாகத் தாக்குபவை என அவற்றை மூவகையாகப் பிரித்திருந்தனர். மன்ஸராஜைப் பற்றி ஜஹாங்கீர் எழுதியது இந்தப் பாகுபாட்டை அறிந்தால்தான் விளங்கும். இரு வகைத் திறனும் ஒரு மானிடத்தில் கூடியிருந்தது என்பதே அவர் புகழ்ச்சியின் பொருள். மான் போர்களில் பந்தயமும் கட்டுவார்கள். 1596இல் அப்படி ஒரு போரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மான் ஒன்று திரும்பி அக்பரையே குத்திவிட்டது. காயம் கடுமையானது. பாதுஷா பல நாள் படுக்கையில் கிடந்தார். மருந்திட்டுப் பணிவிடை செய்தவர்களுள் அபுல் ஃபஸ்லும் ஒருவர்.

அக்பர் அஜ்மீருக்குக் காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் தர்காவை ஜியாரத் செய்ய அடிக்கடி செல்வார். ஆக்ராவிலிருந்து அஜ்மீர் செல்லும் அந்தப் பாதையில் குரோசத்துக்கு ஒன்றாகத் தூண்கள் எழுப்பி, தாம் வேட்டையாடிய மான்களின் கொம்புகளை அவற்றில் பதிக்கச் செய்தார். அவர் அரசவையிலேயே இருந்துகொண்டு அவரைக் கடுமையாக விமர்சித்த முல்லா அப்துல் காதிர் பதாயூனீ இதை எழுதிவிட்டு, இவற்றுக்குப் பதில் ஒரு தோட்டமோ வழிப்போக்கர் தங்கும் சத்திரமோ கட்டச் சொல்லியிருக்கலாகாதா என்று ஆதங்கப்படுகிறார். முல்லாவின் மற்றக் கருத்துகளில் நமக்கு வேறுபாடு உண்டு. இந்த ஓர் ஆதங்கத்தில் அவரோடு கை கோக்கலாம்.

தந்தை கொன்ற மான்களின் கொம்புகளால் தூண் எழுப்பினார். மகன் இறந்த மானுக்காக மினாரா எழுப்பினார். முன்னது எண்ணிக்கையின் பெருமை. பின்னது ஓர் உயிரின் பெயர். இந்த மாற்றம் சிறியதன்று.

மன்ஸராஜின் வரலாற்றை மினாராவின் கல்லில் பொறித்தவர் முல்லா முஹம்மது ஹுஸைன் காஷ்மீரி. ‘பொன் எழுதுகோல்’ என்று பொருள்படும் ‘ஜர்ரீன் கலம்’ என்ற பட்டத்தை அக்பரிடம் பெற்ற எழுத்தோவியர். அவர் எழுதியதன் சாரம் இது: இந்த எழில்மிக்க வெளியில் ஒரு மான் பாதுஷாவின் வலையில் விழுந்தது, ஒரே மாதத்தில் தன் காட்டுக் குணம் நீங்கி, அரசவைச் சிறப்பு மான்களுக்கெல்லாம் தலைவன் ஆயிற்று.

ஆக, மன்ஸராஜ் அடைப்பில் பிறந்தது அன்று. அதே வெளியில் சுதந்திரமாகத் திரிந்தது, அங்கேயே பிடிபட்டது. 30 நாளில் பழகியது. பின் தன் கொம்பில் வலையைச் சுமந்துகொண்டு தன் இனத்தையே எதிர்த்து நின்றது. அதன் வலையில் விழுந்தவை எத்தனை என்று கல் சொல்லவில்லை. வீழ்த்தியதற்குக் கல்லறையும் கல்வெட்டும் கிடைத்தன. வீழ்ந்தவற்றுக்குப் பெயரே இல்லை. ஹிரன் மினாரை அன்பின் சின்னம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக நமக்கு மனம் வராததற்கு இதுவே காரணம். அது அன்பின் சின்னமே; ஆனால் அந்த அன்பு, தனக்குப் பயன்பட்ட ஒரு பார்வை மானின்மீது வேட்டைக்காரன் கொண்ட அன்பு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஜஹாங்கீர் அடுத்துச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் அது அநீதியாகும். மன்ஸராஜின் நினைவாக, அந்த வெளியில் மேயும் மான்களை யாரும் வேட்டையாடக் கூடாது என்று அவர் ஆணையிட்டார். இந்துவுக்குப் பசுவின் இறைச்சி போலவும் முஸ்லிமுக்குப் பன்றியின் இறைச்சி போலவும் அவற்றின் இறைச்சி கருதப்படவேண்டும் என்பது அவ்வாணை. கல்லறைக்கல்லையும் மானின் உருவிலேயே செதுக்கச் செய்தார். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்ல எந்த அரசருக்கும் உரிமை இல்லை என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆனால் பாதுஷா இங்கே மார்க்கச் சட்டம் இயற்றவில்லை. குடிமக்களாகிய இரு சமயத்தாரும் எதைக் கேட்டால் கை கூசிப் பின்வாங்குவார்களோ அந்த மொழியில் ஒரு காட்டுக்குக் காவல் போட்டார் என்றே கொள்ளவேண்டும். ஓர் அரசனின் காட்டுச் சட்டம் மக்களின் உள்ளத்தை இவ்வளவு அறிந்து எழுதப்பட்டது அரிது.

அந்த உள்ளம் எப்போதும் அவரிடம் இருந்ததா? இல்லை. 1610இல் ஒரு நாள், நீலப்பசு ஒன்று துப்பாக்கிக் குறிக்குள் வந்த நேரத்தில் ஒரு குதிரைக் காவலனும் இரு சுமைதூக்கிகளும் எதிர்பாராமல் குறுக்கே வந்துவிட்டார்கள். நீலப்பசு ஓடிவிட்டது. காவலனை அங்கேயே கொல்லவும், மற்ற இருவரின் குதிகால் நரம்புகளை அறுத்துக் கழுதைமேல் ஏற்றிப் பாசறையைச் சுற்றி வரச் செய்யவும் பாதுஷா கட்டளையிட்டார். இதையும் அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். வருந்தியதாக ஒரு சொல்லும் இல்லை. மானுக்கு மினாரா எழுப்பிய அதே கை! தம் 12ஆம் வயது முதல் ஹிஜ்ரி 1025 வரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அவற்றுள் 17,167ஐத் தாமே கொன்றதாகவும் கணக்கர்களைக் கொண்டு அவர் எடுத்த பட்டியல் அந்நூலில் இருக்கிறது. மான் வகைகளும் மலையாடுகளும் சேர்ந்து 1,670. புறாக்கள் மட்டும் 10,348. பேரரசின் வரவு செலவை எழுதுவதுபோல் எழுதியிருக்கிறார்.

வேட்டையை நம் மார்க்கம் தடுக்கவில்லை. பழக்கிய வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை உண்ணத் திருக்குர்ஆன் அனுமதி வழங்குகிறது. வலையில் உயிரோடு சிக்கிய மானை முறைப்படி அறுத்து உண்பதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் அதே ‘மாயிதா’ அத்தியாயத்தில், 94ஆம் வசனத்தில், வேட்டைப் பிராணிகள் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும்படி வருவதை இறைவன் ஒரு சோதனை என்று கூறுகிறான். இஹ்ராம் அணிந்தவர்களுக்கு வேட்டை விலக்கப்பட்டபோது இறங்கியது அது. ஹுதைபிய்யா பயணத்தில் பிராணிகள் கூடாரங்களுக்கு அருகிலேயே வந்து நின்றன என்று விரிவுரையாளர்கள் எழுதுவர். கைக்கெட்டும் தூரத்தில் உயிர் வந்து நிற்பதே மனிதனுக்கு ஒரு சோதனை என்றால், அதைக் கைக்கெட்டும் தூரத்துக்கு வரவழைப்பதையே கலையாக வளர்த்தவர்களைப் பற்றி என்ன சொல்வது? இஹ்ராம் அணியாதவனுக்கு அது குற்றமன்று. ஆனாலும் அந்த வசனத்தை ஓதும்போது பார்வை மானின் நினைவு வராமலிருப்பதில்லை.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு மான் என்றால் உடனே நினைவுக்கு வருவது உமறுப் புலவரின் சீறாப்புராணம். நுபுவ்வத்துக் காண்டத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ எத்தனையோ இல்லங்களில் படித்துக் கண்ணீர் உகுத்த பகுதி. வேடன் கட்டிவைத்த பெண் மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். சென்ற மான் கன்றோடு திரும்பி வருகிறது. தமிழில் பிணை என்பது பெண் மானுக்கும் பெயர். ஒருவர் பொருட்டு மற்றவர் ஏற்கும் பொறுப்புக்கும் பெயர். பிணைக்குப் பிணை நின்ற கதை என்று புலவர்கள் சொல்லி மகிழ்வார்கள். அங்கே கட்டுண்ட மான் தன் இனத்தைக் காக்கத் திரும்பிப் போகிறது. ஜஹாங்கீர்பூரில் கட்டுண்ட மானோ தன் இனத்தைக் கட்டத் திரும்பிப் போனது. இரண்டும் வேடனிடமே திரும்பி வந்தன. வந்த காரணம்தான் வேறு.

முன்னர் சொல்லாமல் நிறுத்திய புறநானூற்றுக் காட்சி 320ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் வீரை வெளியனார். யானை வேட்டையாடும் வேடன் ஒருவன் கொடி படர்ந்த பந்தலின்கீழ் அயர்ந்து உறங்குகிறான். முற்றத்தில் அவனுடைய பார்வைப் பிணை நிற்கிறது. தனித்துத் திரிந்த காட்டுக் கலைமான் ஒன்று எப்படியோ வந்து அந்தப் பிணையோடு கூடி மகிழ்கிறது. பார்வை வைத்த வேடனுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவனுடைய மனைவி இதைப் பார்க்கிறாள். எழுப்பினால் அன்று வீட்டில் இறைச்சி. அவள் எழுப்பவில்லை. ஓசை எழுந்தால் கணவன் விழித்துக்கொள்வான், கலை தன் துணையைப் பிரிந்து ஓடிவிடும் என்று அஞ்சி அசையாமல் இருக்கிறாள். முற்றத்தில் மான்தோலின்மேல் உலரப் போட்டிருந்த தினையைக் காட்டுக் கோழியும் பிற பறவைகளும் கொத்தித் தின்கின்றன. அவற்றையும் அவள் ஓட்டவில்லை. காயும் தினை போகிறது. கையருகே வந்த மானும் போகிறது. அரசனும் அல்லாத, அறிஞனும் அல்லாத, அடுத்த வேளைச் சோற்றை எண்ணவேண்டிய ஒரு வேட்டுவப் பெண் அவள். வஞ்சிப்பதற்காகவே வளர்த்த பிணை வஞ்சனையின்றி ஒரு துணையை அடைந்திருப்பதை அவள் கண்டுகொண்டாள். அக்பர் கிழித்த கோட்டையும் ஜஹாங்கீர் இட்ட ஆணையையும் இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

ஜஹாங்கீருக்கும் பின்னாளில் வேட்டையில் மனம் தளர்ந்தது. வயது ஐம்பதானதும் துப்பாக்கி வேட்டையை விட்டுவிடுவதாக முன்பே நேர்ந்திருந்தார். அருமைப் பேரன் ஷா ஷுஜா நோயுற்றபோது, எந்த உயிரையும் தம் கையால் கொல்வதில்லை என்று உறுதி பூண்டார். பேரன் பிழைத்தான். சில ஆண்டுகள் அவ்வுறுதியைக் காத்தார். பிறகு மகன் குர்ரம், அதாவது ஷாஜஹான், கலகம் செய்தபோது அந்தக் கசப்பில் மீண்டும் துப்பாக்கியை எடுத்தார். ஷேகுபுராத் தடாகமும் மண்டபமும் 1620ஐ ஒட்டி நிறைவுற்றன. செலவு 1 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். நீர் அருந்த வரும் மான்களை மண்டபத்திலிருந்து பாதுஷா பார்க்கலாம். 1634இல் ஷாஜஹான் காலத்தில் அங்கே சில மாற்றங்கள் நடந்தன.

மொகலாயர் ஆட்சி மறைந்தபின்னும் பார்வை மான் மறையவில்லை. கொம்பில் சுருக்குக் கட்டிய பழகிய ஆணைக் காட்டு மந்தையருகே விட்டுப் பிடிக்கும் வழக்கத்தைப் பிரிட்டிஷ் காலத்து விலங்கியலாரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கி எளிதாகக் கிடைத்து, புல்வெளிகள் உழவுக்கு உட்பட்டபின் வலைக்கு வேலை குறைந்தது, மானும் குறைந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புல்வாயை முதல் அட்டவணையில் வைத்து, அதை வேட்டையாடுவதைக் கடுங்குற்றமாக்கியது. மன்ஸராஜ் அடங்கிய நாட்டில் அச்சட்டம் இல்லை; ஜஹாங்கீரின் ஆணையை நினைவில் வைத்திருந்தவர்களும் இல்லை. அந்நாட்டில் இயற்கையாகத் திரிந்த புல்வாய் இருபதாம் நூற்றாண்டில் அறவே அற்றுப்போயிற்று. 1970களில் பாக்கிஸ்தானின் பஹாவல்பூர்ப் பகுதியிலுள்ள லால் ஸுஹான்ரா தேசியப் பூங்காவில் புல்வாயை மறுபடி வளர்க்க முற்பட்டபோது, அதற்கான மான்களை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணைகளிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே அவை 1930களில் வேட்டைக்காகக் கொண்டுபோய் விடப்பட்ட இந்தியப் புல்வாய்களின் வழித்தோன்றல்கள்.